‘வீரனா, கொள்ளைக்காரனா?’: கட்டபொம்மன் பாடம் தகராறில் போய் முடிந்த ஒரு வகுப்பறை

பின்னணி

ஒட்டப்பிடாரம், எட்டயபுரம், கயத்தாறு மூன்று ஊருக்கும் பஸ் போகிற கரிசல்காட்டு ஊர் ஒன்றில் உள்ள மேல்நிலைப் பள்ளியில் நான் சமூக அறிவியல் ஆசிரியை. அந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் 38 பிள்ளைகள். பள்ளியின் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிடுகிறேன். நடந்ததில் பெரும்பகுதித் தவறு என்னுடையது. இதே பாடத்தை எடுக்கப்போகும் மற்ற ஆசிரியர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்தில் கட்டபொம்மன் பாடப்புத்தகத்துக்குள் மட்டும் இருப்பவர் அல்ல. நெல்லைச் சீமையில் நான் சிறுமியாக இருந்தபோது ஏறிப்போன அரசு பஸ்ஸின் பக்கவாட்டில் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் என்று எழுதியிருக்கும். 1997இல் தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்தார்களே, அதுவரை நான் பிறந்த மாவட்டமே நெல்லை கட்டபொம்மன் மாவட்டம். விஜயநாராயணத்தில் உள்ள கடற்படை நிலையத்துக்கும் அவர் பெயர்தான். குலசாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படத்தையும் மாட்டி வைத்திருக்கிற வீடுகளிலிருந்து என் வகுப்புக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். எட்டயபுரத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைகளும் அதே வகுப்பில் உண்டு. காட்டிக்கொடுப்பவனைத் தமிழ்நாடு முழுக்க என்ன சொல்லித் திட்டுகிறார்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு மாணவியின் சந்தேகம்

பாளையக்காரர் பாடத்தை வழக்கம்போல வாசித்து விளக்கிக்கொண்டிருந்தேன். 1798இல் பாஞ்சாலங்குறிச்சியின் வரிப் பாக்கி 3310 பகோடாக்கள் என்ற வரி வந்தது. பகோடா என்றதும் வகுப்பே சிரித்தது. அது அக்காலத்துப் பொன் நாணயம், நம் ஆட்கள் வராகன் என்பார்கள், ஒன்றுக்கு மூன்றரை ரூபாய் என்று சொல்லிவிட்டு மேலே போனேன். அடுத்த பக்கத்தில், விசாரணைக்குப் பிறகு கட்டபொம்மன் பெரும்பகுதியைக் கட்டிவிட்டார், 1080 மட்டுமே பாக்கி என்று வருகிறது.

இரண்டாம் பெஞ்சில் இருந்த மாணவி எழுந்தாள். “டீச்சர், 1080தான் பாக்கின்னா மிச்சத்தக் கட்டிட்டார்னுதான அர்த்தம்? படத்துல கட்டவே மாட்டேன்னு சொல்லுவாருல்லா?”

1959இல் வந்த திரைப்படத்தைத்தான் சொன்னாள். அந்த வசனத்தைப் பள்ளி ஆண்டு விழாவில் பேசாத தலைமுறை எங்கள் ஊரில் கிடையாது. நானும் பேசியிருக்கிறேன். அவளுக்கு அன்று நான் சொன்ன பதில், “அது நிர்ப்பந்தத்துல கட்டினது, உக்காரு” என்பதுதான். அது பதிலே இல்லை என்று அன்று ராத்திரியே தோன்றிவிட்டது. சந்தேகத்தை வகுப்பே பேசித் தீர்க்கட்டும் என்று முடிவு செய்தேன். அதுவரை சரி. அதற்கு நான் தேர்ந்தெடுத்த வடிவத்தில்தான் தப்பு நடந்தது.

பட்டிமன்றம்

ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. கரும்பலகையில் ‘கட்டபொம்மன்: வீரனா, கொள்ளைக்காரனா?’ என்று பெரிதாக எழுதினேன். வருகைப் பதிவேட்டில் ஒற்றைப்படை எண்கள் ஒரு கட்சி, இரட்டைப்படை எண்கள் எதிர்க்கட்சி. பிள்ளைகளிடம் பாடப்புத்தகத்தைத் தவிர வேறு எதையும் நான் கொடுத்திருக்கவில்லை.

எட்டயபுரத்துப் பையன் ஒருவனுக்குக் ‘கொள்ளைக்காரன்’ கட்சி வாய்த்தது. அவன் முன்னோர் அரண்மனையில் கணக்கு எழுதியவர்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நன்றாகவே பேசினான். “எங்க ஊர்ப் பக்கம் வந்து நெல்ல அள்ளிட்டுப் போனா எங்க ராசா என்ன செய்வாரு? அவரும் கும்பினிகிட்டதான் போவாரு” என்றான். கும்பினி என்றால் கிழக்கிந்தியக் கம்பெனி. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “ஏலே எட்டப்பா, உக்காருலே!”

வகுப்பு சிரித்தது. அவன் இன்னும் இரண்டு வாக்கியம் பேசப் பார்த்தான், முடியாமல் உட்கார்ந்தான். நான் டஸ்டரால் மேசையைத் தட்டி “சரி, சரி, அமைதி” என்றேன். அந்த இடத்தில் வகுப்பை நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்த பேச்சாளரைக் கூப்பிட்டேன்.

திங்கட்கிழமை அவன் வரவில்லை. அவன் உட்காரும் பெஞ்சில் காம்பஸ் முனையால் ‘எட்டப்’ என்று கீறியிருந்தது. கீறியவன் கடைசி இரண்டு எழுத்தை முடிப்பதற்குள் யாரோ வந்திருக்க வேண்டும். மரம் புதிதாகக் கீறியதால் எழுத்து வெள்ளையாகத் தெரிந்தது.

பெற்றோர் வந்த நாள்

கரும்பலகையை யாரோ போனில் படம் எடுத்திருந்தார்கள். ‘வீரனா’ என்ற சொல் வெட்டுப்பட்டு, கட்டபொம்மன் பெயரும் ‘கொள்ளைக்காரன்’ என்ற சொல்லும் என் கையெழுத்தில் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றின. செவ்வாய்க்கிழமை காலை ஹெச்.எம். அறையில் ஏழு பேர். மூத்தவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

“போர்டுல எழுதுனது நீங்கதான டீச்சர்? தூக்குல போட்டவன்கூட அவருக்கு அந்தப் பேரு வைக்கல. நீங்க வச்சிட்டியளே.”

அது கேள்வி மட்டும்தான், தீர்ப்பு இல்லை என்று விளக்கப் பார்த்தேன். பிள்ளைகள் முன்னால் எழுதிப் போட்ட கேள்வி பாதித் தீர்ப்பு என்று இன்று நினைக்கிறேன். அன்று அது புரியவில்லை.

எட்டயபுரத்துப் பையனின் அப்பா மதியம் தனியாக வந்தார். புகார் எதுவும் சொல்லவில்லை. “அவனுக்கு வேற பெஞ்சு குடுங்க டீச்சர், போதும்” என்று மட்டும் சொன்னார். போகும்போது, தானும் இதே சொல்லைக் கேட்டுத்தான் படித்து முடித்ததாகச் சொன்னார்.

எடுத்த முடிவும் காரணமும்

ஹெச்.எம். இரண்டு வழி வைத்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பாடத்தை வாசிப்போடு முடித்துவிடுவது ஒன்று. பெரியவர்கள் ஒப்புக்கொண்டால் வேறு விதமாகத் தொடர்வது மற்றொன்று. நான் தொடரலாம் என்றேன். அந்த மாணவியின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்பது முதல் காரணம். அப்படியே மூடினால் வகுப்பில் கடைசியாக நின்ற சொல் ‘எட்டப்பா’ என்பதாகவே இருக்கும் என்பது இரண்டாவது.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், கேள்வியை அப்படி வைத்ததற்காக மன்னிப்புக் கேட்டேன். பாடத்தை எடுத்ததற்காகக் கேட்கவில்லை. பையனின் வீட்டுக்குப் போய் அவனிடமும் கேட்டேன். ஏழு பேரில் மூத்தவரை வகுப்புக்கு வரச்சொல்லி அழைத்தோம். கட்டபொம்மன் கதைப்பாடலில் பாதியை மனப்பாடமாகப் பாடுவார் என்று தெரிந்ததும் அழைத்தோம். சமாதானத்துக்காக அழைத்தது என்றுதான் ஹெச்.எம். நினைத்தார். எனக்கு அவர் ஒரு சான்று.

ஹெச்.எம். போட்ட நிபந்தனைகள்: போன் கூடாது, கட்சி பிரிக்கக் கூடாது, ஓட்டெடுப்பு கூடாது.

நான்கு சனிக்கிழமைகள்

கேள்வியை மாற்றினோம். அவர் யார் என்று கேட்பதை விட்டுவிட்டு, 1790இல் பாளையப் பட்டம் ஏறியதிலிருந்து 1799 அக்டோபர் வரை அவர் என்னென்ன செய்தார், அதை நமக்கு யார் சொல்கிறார்கள் என்று கேட்டோம். கையில் இருந்தவை பாடப்புத்தகம், இடையன்குடியில் இருந்த பிஷப் கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றிலிருந்து சில பக்கங்கள், பெரியவரின் பாட்டு.

முதலில் வரி. கும்பினி இங்கே வந்த உடனே வரி கேட்கவில்லை. ஆர்க்காட்டு நவாபுக்குக் கட்டவேண்டிய பேஷ்குஷ் என்ற கப்பத்தை வசூலிக்கும் உரிமை 1792 உடன்படிக்கையால் கும்பினி கைக்குப் போனது. பாஞ்சாலங்குறிச்சி கட்டியும் வந்தது, இழுத்தடித்தும் வந்தது. 3310இல் 1080 போக 2230. மூன்றரையால் பெருக்கி 7805 ரூபாய் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டார்கள். கேள்வி கேட்ட மாணவி அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டாள்.

அடுத்து கலெக்டர் ஜாக்சன். ராமநாதபுரத்துக்கு வரச்சொல்லி 1798 ஆகஸ்டில் கலெக்டர் உத்தரவு போடுகிறார். குற்றாலத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பார்க்கப் போனவருக்குப் பேட்டி மறுக்கப்படுகிறது. செப்டம்பரில் ராமநாதபுரத்தில் சந்திப்பு நடக்கிறது, கைகலப்பாக முடிகிறது, கோட்டை வாசலில் லெப்டினென்ட் கிளார்க் சாகிறார், அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபடுகிறார். இதுவரை பிள்ளைகளுக்குத் தெரியும். பிறகு நடந்ததை யாரும் வீட்டில் கேட்டதில்லை. கட்டபொம்மன் சென்னை கவுன்சிலுக்கு முறையிடுகிறார். மூன்று வெள்ளைக்காரர்கள் கொண்ட குழு முன் டிசம்பரில் நேரில் போய் வாக்குமூலம் கொடுக்கிறார். குழு அவர்மேல் குற்றமில்லை என்கிறது. ஜாக்சனின் வேலை போகிறது, லூஷிங்டன் வருகிறார்.

“அப்போ அவரு பெட்டிஷன் போட்டிருக்காரா டீச்சர்?” என்று ஒருவன் கேட்டான். ஆமாம், போட்டார், ஜெயித்தார். கலெக்டர் பின்னால் ஊர் ஊராகப் போய்ப் பேட்டி கேட்டவர், அந்தக் கலெக்டர் மேலேயே புகார் எழுதியவர், முதல் நாளிலிருந்தே சண்டை தேடியவராக இருக்க முடியாது. தன் பாளையத்தையும் மானத்தையும் பேசித் தீர்த்துக் காப்பாற்றிக்கொள்ள முடியும் என்று கடைசிவரை பார்த்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அது அவரைச் சிறுமைப்படுத்துகிறது என்று நான் நினைக்கவில்லை.

மூன்றாவது வாரம் கொள்ளை. இதைத் தவிர்த்துவிடலாம் என்று ஹெச்.எம். சொன்னார். தவிர்த்தால் அந்தப் பையன் பேசியது பொய் என்று ஆகிவிடும். பக்கத்துப் பாளையங்களிலும் சர்க்கார் கிராமங்களிலும் பாஞ்சாலங்குறிச்சி ஆட்கள் புகுந்தார்கள் என்று கும்பினிக் கடிதங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அவற்றை எழுதியவர்கள் அவரை ஒழிக்க நினைத்தவர்கள், அதை மறக்கக்கூடாது. ஆனால் பெரியவரின் பாட்டிலும் தானாபதிப் பிள்ளை (அந்த அமைச்சர்தான்) ஸ்ரீவைகுண்டத்து நெல்லை அள்ளிய இடத்தில்தான் வினை தொடங்குகிறது. கட்டபொம்மனைக் கொண்டாடுகிற பாட்டே அதை மறைக்கவில்லை.

இங்கே காவல் என்பதை விளக்கவேண்டி வந்தது. பாளையக்காரருக்குத் தன் எல்லைக்கு வெளியே உள்ள ஊர்களிலும் திசைக்காவல் உரிமை உண்டு. ஊர் கூலி கொடுக்கும், களவு போனால் காவல்காரர் பொருளை மீட்க வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும். கும்பினி கண்ணுக்கு அது மிரட்டிப் பறிக்கிற பணம். பாளையக்காரருக்கு அது பாட்டன் வழி உரிமை. கூலி தர மறுத்த ஊருக்குள் ஆள் நுழைந்தால் அதற்கு இரண்டு பெயர். எட்டயபுரத்தோடு எல்லைத் தகராறு வேறு இருந்தது.

எழுதியவர்களில் களத்துமேட்டில் நெல்லைப் பறிகொடுத்த சம்சாரி, அதாவது விவசாயி, யாரும் இல்லை. கும்பினிக் கடிதத்தில் அவன் ஒரு புகார். பாட்டில் அவனுக்கு இடமே இல்லை. இதைச் சொன்னபோது பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எங்க பாட்டையாவும் சம்சாரிதான்” என்றார்.

நான்காவது வாரம் போரும் முடிவும். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்ததும் கும்பினிக்குக் கை ஒழிந்தது. மருது சகோதரர்களும் திண்டுக்கல் கோபால நாயக்கரும் கூட்டணி கட்டிக்கொண்டிருந்தார்கள், கட்டபொம்மன் அதில் சேர்ந்தார். கும்பினியின் மேஜர் பானர்மேன் படையோடு வந்தார். செப்டம்பரில் கோட்டை முற்றுகை, கோலார்பட்டிச் சண்டை, நாகலாபுரத்தில் அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளைக்குத் தூக்கு.

நாட்டு விடுதலைக்காக எடுத்த வாள் என்று நம் மேடைகள் பேசுகின்றன. சாதி பார்க்காமல் எல்லாரையும் வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கூப்பிடும் அறிக்கை 1801 ஜூனில் சின்ன மருது திருச்சியில் ஒட்டியது. கட்டபொம்மன் அதற்கு இருபது மாதம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் காத்தது பாஞ்சாலங்குறிச்சியை. அதைக் காக்கப்போய்ப் பிற்பாடு பெரிதான ஒன்றுக்கு வழிவிட்டார். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து இடிந்த கோட்டையை மறுபடி எழுப்பிய வேகத்துக்கு அண்ணனின் சாவு காரணமில்லை என்று யாரால் சொல்ல முடியும்?

காட்டிக்கொடுத்த கதையையும் அதே வாரம் எடுத்தோம். எட்டப்பன் என்பது ஒரு ஆளின் பெயரே அல்ல, எட்டயபுரம் ஜமீன் வழிவழியாகச் சூடிய பட்டம். கட்டபொம்மனைத் தேடியதில் எட்டயபுரம் முனைப்பாக நின்றது உண்மை, பானர்மேனே எழுதியிருக்கிறார். ஆனால் அவர் பிடிபட்டது புதுக்கோட்டைச் சீமைக் காட்டில், அந்தச் சீமை மன்னர் தொண்டைமானின் ஆட்களிடம். கயத்தாறு விசாரணையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த பாளையக்காரர்கள் பலர். இத்தனை பேரில் ஒரே ஒரு ஊர் வசைச்சொல் ஆகிவிட்டது. உமறுப் புலவரை ஆதரித்த, ‘பாரதி’ என்ற பட்டம் கொடுத்த அரண்மனை அது.

பாஞ்சாலங்குறிச்சியும் கயத்தாறும்

ஐந்தாவது வாரம் வேன் பிடித்துப் போனோம். மூன்று வீட்டில் பிள்ளைகளை அனுப்பவில்லை. எட்டயபுரத்துப் பையன் அதற்குள் பள்ளிக்குத் திரும்பியிருந்தான். கயத்தாறுக்கு மட்டும் வருகிறேன் என்றான், வற்புறுத்தவில்லை.

பாஞ்சாலங்குறிச்சியில் இப்போது எல்லாரும் பார்க்கும் கோட்டை 1974இல் அரசு கட்டிய நினைவிடம். பழைய மண்கோட்டையின் அடித்தளம் பக்கத்தில் மேடாகக் கிடக்கிறது. முற்றுகையில் செத்த கும்பினிப் படையினரின் கல்லறைகளும் இருக்கின்றன. அவர்கள் பக்கத்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டது. அந்தக் கேள்வி வகுப்பறைக்குள் வந்ததில்லை.

கயத்தாறில் 1970இல் சிவாஜி கணேசன் இடம் வாங்கி வைத்த சிலை நெடுஞ்சாலையைப் பார்த்து நிற்கிறது. அங்கே நிழலில் உட்காரவைத்து, தூக்கிலிட்ட மறுநாள் பானர்மேன் எழுதிய கடிதத்தின் சாரத்தைத் தமிழில் சொன்னேன். தூக்கு நடந்தது 1799 அக்டோபர் 16. விசாரணை முழுக்க அவர் கலங்கவில்லை. எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் ஏளனமாகப் பார்த்தார். திடமாக நடந்து போனார். போகும்போது வாய் பேசாத தம்பியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டார். புளியமரத்தடிக்கு வந்ததும், கோட்டையை விட்டு வந்திருக்கக் கூடாது, அதைக் காத்து அங்கேயே செத்திருக்கலாம் என்றார்.

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இத வெள்ளக்காரனா எழுதுனான்?” என்று இரண்டு தடவை கேட்டார்.

அந்தப் பையன் சிலையின் பின்பக்கம் நின்றான். அவனிடம் பெரியவரே போனார். “நீ எட்டயபுரமாடே? உங்க ஊரு மிச்சர் நல்லா இருக்குமே” என்றார். வேறெதுவும் பேசியதாகத் தெரியவில்லை. இருவரும் வேனில் ஒரே இருக்கையில் வந்தார்கள்.

என்ன ஆயிற்று

பிள்ளைகள் எழுதியதை ஆண்டு விழாவில் சுவரில் ஒட்டினோம். ‘கொள்ளை’ என்ற தலைப்பிட்ட பக்கத்தை எடுக்கச் சொல்லி ஏழு பேரில் இருவர் மறுபடி வந்தார்கள். ‘காவல் தகராறு’ என்று தலைப்பை மாற்ற ஒப்புக்கொண்டேன், உள்ளே இருந்ததை மாற்றவில்லை. அது சரியான சமரசமா என்று இன்னும் எனக்கு நிச்சயமில்லை. நெல்லைப் பறிகொடுத்தவன் பக்கம் யாரும் பேச வரவில்லை என்பது உறுத்துகிறது.

என் வகுப்பில் அந்த வசைச்சொல் நின்றது. விளையாட்டு மைதானத்தில் நிற்கவில்லை. பையன் நல்ல மதிப்பெண் வாங்கினான், பதினோராம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டான். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அவன் அப்பா என்னிடம் நன்றாகத்தான் பேசினார். தூரம் அதிகம் என்பதால்தான் மாற்றுகிறோம் என்றார். நான் அதை முழுதாக நம்பவில்லை. பெஞ்சை இழைத்துவிட்டோம். கை வைத்துப் பார்த்தால் அந்த இடம் இன்னும் பள்ளமாகத்தான் இருக்கிறது.

மாற்றிச் செய்வதானால்

மக்கள் சாமியாக நினைக்கிற ஒருவரை இரண்டே பெயருக்குள் அடைத்துக் கேள்வி கேட்க மாட்டேன். பதிவேட்டு எண்ணை வைத்துக் கட்சி பிரிக்க மாட்டேன். ஒரு பிள்ளை தன் ஊரைச் சுமந்துகொண்டு வகுப்புக்கு வருகிறது என்பதைப் பட்டிமன்றம் கணக்கில் எடுக்காது. எதிர்க்கட்சி பேசுவதற்கு முன்பே சான்றுகளைக் கையில் கொடுத்திருப்பேன். பெரியவர் புகாரோடு வருமுன் பாட்டோடு வந்திருப்பார். பின்வரிசைக் குரல் கேட்ட நொடியில் வகுப்பை நிறுத்தி, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதையே அன்றைய பாடமாக்கியிருப்பேன்.

இந்த ஆண்டு அதே பாடத்துக்குப் பெரியவரை முதல் நாளே கூப்பிட்டுவிட்டேன். கரும்பலகையில் இரண்டு எண்கள் மட்டும் எழுதினேன்: 3310, 1080. பகோடா என்றதும் வகுப்பு சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் ஒரு பையன், மீதி யார் கட்டியது என்று கேட்டான்.